‘தள்ளி உட்கார்’ என்பதற்கு இங்கிலீஷ் என்ன?

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தை முதல் வகுப்பில் முடித்த எனக்கு, ‘கொஞ்சம் தள்ளி உட்கார்’ என்பதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை. அது எனக்கே தெரிய வந்தது பெங்களூர் நீலசந்திராவில், ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில். ஒரு பெஞ்சில் நான்கு பேர் உட்கார வேண்டும். மூன்று பேர் ஜமீன்தார்கள் மாதிரி பரந்து உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது பையன் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நீயே ஒரு நியாயம் சொல் என்பதுபோல என்னைப் பார்த்து நின்றான். நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. கையால் காற்றை இடப்பக்கம் தள்ளிக் காட்டினேன். அந்த மூன்று பேரும் கையால் காற்றைத் தள்ளினார்கள். பின் பெஞ்சும் தள்ளியது. புது மிஸ் டான்ஸ் கற்றுக் கொடுக்கிறாள் என்று நினைத்து மொத்த வகுப்பும் காற்றைத் தள்ளியது. இடம் கிடைக்காத பையன் நின்றுகொண்டே தள்ளினான்.

வாணியம்பாடிப் பக்கம் நான் படித்த கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியத்தைத் தமிழில்தான் நடத்தினார்கள். பேராசிரியர் ஒரு வரியை இங்கிலீஷில் வாசிப்பார், பிறகு அதற்காகத் தமிழில் வெகுநேரம் உருகுவார், நாங்களும் சேர்ந்து உருகுவோம். சோக நாடகத்தின் நாயகன் ஏன் வீழ்கிறான் என்று கேட்டால் இன்றைக்கும் ஐந்து பக்கம் எழுதித் தருவேன். ஆனால் அந்த நாயகன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினால் என்ன சொல்வது, பென்சில் சீவிய தூளை எதிரில் இருப்பவள் கண்ணில் ஊதினால் என்ன சொல்வது, மூக்குக்குள் ரப்பரை விட்டுக்கொண்டால் என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூக்கு ரப்பர் கற்பனை இல்லை. இரண்டாம் நாளே நடந்தது. பதறிப்போய் நான் சொன்ன இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தை: ‘ரிமூவ்.’ பையன் சட்டையைக் கழற்றினான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது முதல் வகுப்பில் தேறிய சுரைக்காய்.

தமிழிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். அப்பா டைல்ஸ் ஒட்டப் போவார், அம்மா வீட்டு வேலைக்குப் போவார். மிச்சப் பேர் வீட்டில் உருது, கன்னடம். இங்கிலீஷ் ஒரு வீட்டிலும் கிடையாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை அவர்கள் அங்கே அனுப்பியதே அந்த இங்கிலீஷுக்காகத்தான். அதனால் பள்ளியில் ஒரு சட்டம் இருந்தது. வகுப்புக்குள் மிஸ்ஸின் வாயிலிருந்து இங்கிலீஷைத் தவிர வேறு எதுவும் வரக் கூடாது.

சட்டத்தைக் காப்பாற்ற ஒரு கோஆர்டினேட்டர் மேடம் இருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி, செருப்புச் சத்தம் வராத நடை. அவர் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. தமிழ் மறந்துபோன குடும்பம் என்றே முடிவு கட்டியிருந்தேன். வராந்தாவில் நடந்து வருவார். என் ஜன்னலருகே நிற்பார். உள்ளே ‘டேய், சும்மா இருடா’ என்று என் குரல் கேட்டால், கம்பி வழியாக மெதுவாக, ‘இங்கிலீஷ், மிஸ்’ என்பார். பசங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் என் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை நழுவினால் போதும், மொத்த வகுப்பும் பாட்டாகவே ‘இங்கிலீஷ், மிஸ்’ என்று இழுக்கும். ஏபிசிடி முழுசாகத் தெரியாத ஜனங்கள் எனக்கு இங்கிலீஷ் திருத்தினார்கள்.

என்னை வேலைக்கு எடுத்ததே மூன்று மாதச் சோதனையில்தான். கடைசி வாரத்தில் கோஆர்டினேட்டர் மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீரியட் முழுக்கக் கவனிப்பார். திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் அதே வகுப்பில் இருந்த டீச்சரை அப்படித்தான் அனுப்பினார்களாம். ஊரில் அப்பா வேறு, பெண் பெங்களூரில் இங்கிலீஷ் டீச்சர் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். அது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையில் எனக்கு அந்தப் பசங்களை ஒரே வாரத்தில் அப்படிப் பிடித்துப் போயிருந்தது. காலையில் நான் கேட்டுக்குள் காலை வைத்தால் ‘மிஸ்ஸூ’ என்று கத்திக்கொண்டு ஓடி வந்து துப்பட்டாவைப் பிடித்துத் தொங்குவார்கள். அந்தச் சத்தத்தை இன்னொருத்திக்கு விட்டுக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. ‘தள்ளி உட்கார்’ தெரியாமல் அதை இழப்பதா என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். ஆனேக்கல் போகும் சாலையில் ஒரு பெரிய அபார்ட்மென்ட். அக்காவும் மாமாவும் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்து, பகல் முழுக்க இங்கிலீஷிலேயே சண்டை போடுகிறவர்கள். இவர்களுக்குத் தெரியாததா என்று சாப்பிடும்போது கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்து, ‘ப்ளீஸ் அக்காமடேட் ஹிம்’ என்றாள். ஆறு வயசுப் பையனிடமா என்று கேட்டேன். அப்படியானால் அவன் மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டுவிடு என்றாள். மாமா சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“இந்த ஊர்ல அதுக்கு ஒரே இங்கிலீஷ்தான். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.’ பஸ்ஸு, தியேட்டரு, ஆபீஸு, எங்க வேணா செல்லும்.”

கொஞ்சம் ஒத்துப்போங்கள் என்பதற்குக் கன்னடம் அது. ஜன்னலுக்கு வெளியே கோஆர்டினேட்டர் மேடம் நிற்கும்போது அதைச் சொன்னால், நான் பெட்டி படுக்கையோடு வாணியம்பாடி பஸ்ஸில்தான் அட்ஜஸ்ட் ஆக வேண்டியிருக்கும்.

போனில் தேடினேன். இங்கிலீஷ் கற்கும் குழந்தைகளுக்கு ஆசிரியர்கள் அன்றாடம் சொல்ல உதவும் வாக்கியங்கள் என்று கொட்டு கொட்டென்று கொட்டியது. எல்லாம் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியவை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள் என்று இருந்தது. இன்று என்ன அழகான வெயில், இல்லையா என்று இருந்தது. சரி, இதையாவது சொல்வோம் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போய், வகுப்பில் நுழைந்ததும் வெயிலைப் பற்றிக் கேட்டேன். ‘யெஸ் மிஸ்’ என்று கூரை அதிரப் பதில் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள், ஆளுக்கொரு ஜோடியைக் கண்டுபிடியுங்கள் என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஏதோ கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்து பாதி வகுப்பு பெஞ்சுக்கு அடியில் புகுந்தது. இரண்டு பேர் மூன்றாம் வகுப்புக்குப் போய்த் தங்கள் அக்காக்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த வாக்கியங்கள் எழுதியவர்களுக்குக் கிள்ளுகிற பிள்ளையே பிறக்கவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் வந்து திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அக்கா சிரித்தாள்.

விடிவு காலம் பிறந்தது ஒரு சறுக்குமரத்தின் அருகில். ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, தலைவலியோடு அபார்ட்மென்ட்டின் விளையாட்டுத் திடலில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாக்கள் குழந்தைகளோடு கீழே இறங்கியிருந்தார்கள். அவர்களுக்குள் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஓடியது. மாவு புளிக்கவில்லை, வேலைக்கு வரும் அம்மா லீவு, மாமியார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஆனால் குழந்தையின் பக்கம் முகம் திரும்பியதும் இங்கிலீஷ் வந்துவிடும். சாப்பிட வைக்க இங்கிலீஷ், சண்டை விலக்க இங்கிலீஷ், மூக்கு சிந்த இங்கிலீஷ். என் கண்ணெதிரில் ஒரு அம்மா, ஊஞ்சலில் அகலமாக உட்கார்ந்திருந்த தன் பையனிடம், ‘மூவ் அப், பேபி, மேக் ஸ்பேஸ் ஃபார் அக்கா’ என்றாள். பையன் தள்ளி உட்கார்ந்தான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று எழுந்தே விட்டேன். பிறகு மானம் மரியாதை கருதி உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் என் சாயங்காலங்கள் எல்லாம் அந்தச் சிமென்ட் பெஞ்சில்தான். ஆளுக்கு ஒரு தட்டு ஏந்தி அம்மாக்கள் குழந்தைகளைத் துரத்த, நான் காதை ஏந்தி அம்மாக்களைத் துரத்தினேன். மெதுவாகத் தொடு என்பதற்கு ‘ஜென்டில் ஹேண்ட்ஸ்.’ அழாமல் வாயைத் திறந்து சொல் என்பதற்கு ‘யூஸ் யுவர் வேர்ட்ஸ்.’ ஒருத்தர் மாற்றி ஒருத்தர் என்பதற்கு ‘டேக் டர்ன்ஸ்.’ கத்தாதே என்பதற்கு ‘இன்சைட் வாய்ஸ்.’ ஒரு நாள் ஒரு அம்மா, ‘ஃபிங்கர் அவுட் ஆஃப் யுவர் நோஸ்’ என்றாள். அவளுக்காக ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று தோன்றியது. கேட்ட வாக்கியம் மறந்துவிடாமல் இருக்க நானே வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். லிஃப்டில் சொல்லிக்கொண்டே போவேன். ஒரு நாள் அக்கா முகம் சிவந்து போனை என் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ எழுதியிருந்தார்கள்: தினமும் ஒரு பெண் சறுக்குமரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்துத் தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறாள், செக்யூரிட்டி கவனிக்கவும். மாமா அதற்குக் கீழே, அது என் மச்சினி, எம்.ஏ. படித்தவள் என்று பதில் போட்டிருந்தார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது என்று அக்கா சொன்னாள்.

அந்தத் திடலில் இன்னொரு வழக்கத்தையும் பார்த்தேன். இது எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் அங்கேதான் இங்கிலீஷில் கேட்டேன். குழந்தை எதற்கும் மசியவில்லை என்றால், அம்மா பக்கத்தில் போகும் யாரையாவது கை காட்டி, ‘ஸீ, தட் அங்கிள் வில் ஸ்கோல்ட்’ என்பாள். அந்த அங்கிள் யாரோ எவரோ. பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போகிற மனுஷர். ஆனால் கை காட்டப்பட்டதும் அவர் நின்று, கண்ணை உருட்டி, ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போவார். முறைக்காமல் போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எழுதாத சட்டம் அது. ஒரு நாள் வாழைப்பழம் சாப்பிட மறுத்த ஒரு குட்டிப் பையனுக்கு அவன் அம்மா என்னைக் காட்டினாள். ‘தட் ஆன்ட்டி வில் ஸ்கோல்ட்’ என்றாள். இருபத்து மூன்று வயசு எனக்கு, நான் ஆன்ட்டியா என்று உள்ளே கொதித்தது. ஆனால் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்குப் புருவத்தை நெரித்து, உதட்டைக் குவித்து முறைத்தது. பையன் பழத்தை முழுங்கினான். அந்த அம்மா கண்ணாலேயே நன்றி சொன்னாள். எனக்கு என்னவோ பெருமையாக இருந்தது.

இப்படிப் பொறுக்கிய வாக்கியங்களை மறுநாள் காலையில் வகுப்பில் இறக்குவேன். வேலை செய்தது. அந்த ஆச்சரியத்தை என்னவென்று சொல்வது! ‘மேக் ஸ்பேஸ்’ என்றால் இடம் வந்தது. ‘டேக் டர்ன்ஸ்’ என்றால் வரிசை வந்தது. பசங்களும் ஒருத்தரை ஒருத்தர் அதே இங்கிலீஷில் மிரட்டத் தொடங்கினார்கள். ஒரே ஒரு தொல்லை. நான் வாக்கியங்களைக் கொத்தாகப் பறித்து வந்திருந்தேன்; மூன்று எண்ணுவதற்குள் கேட்டாக வேண்டும் என்பதற்கு ‘மம்மா இஸ் கவுன்டிங்’, கோபம் வருகிறது என்பதற்கு ‘மம்மா இஸ் கெட்டிங் ஆங்க்ரி’ என்று அம்மாக்களின் பெயரும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மம்மா வருகிற இடத்தில் மிஸ் என்று மாற்றிச் சொல்ல வேண்டும். நிதானமாக இருக்கும்போது மாற்றிவிடுவேன். நிதானம் என்பது எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் குறைவு.

கோஆர்டினேட்டர் மேடம் வந்து உட்காரும் நாளும் வந்தது. பாடம், பழங்கள். படத்தைக் காட்டி நடத்தினால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, நிஜப் பழங்களையே பை நிறைய வாங்கிக்கொண்டு போனேன். கொய்யா, சப்போட்டா, மாதுளை, ஏலக்கி வாழைப்பழம். மேடம் வந்து கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். ஒன்றாம் வகுப்புப் பெஞ்ச் அது. முழங்கால் மேசைக்கு மேலே தெரிந்தது. கையில் பேனா, மடியில் ஒரு தாள். இந்த ஒரு பீரியட் கெட்டால் நாளையிலிருந்து இந்த அறைக்குள் நான் வரப் போவதில்லை.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. கொய்யாவைத் தூக்கிக் காட்டினேன். ‘குவாவா’ என்று வகுப்பு முழங்கியது. சப்போட்டாவைத் தூக்கினேன். அதுவும் நன்றாகவே போயிற்று. மாதுளையை வெட்டி முத்தைக் காட்டியதும்தான் கொய்யாவின் வாசனையும் சேர்ந்து பசங்களைப் பிடித்தது. காலையில் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டு வருகிற பசங்கள். முதல் பெஞ்ச் எழுந்தது. இரண்டாம் பெஞ்ச் அதன் முதுகில் ஏறியது. நான் ‘டேக் டர்ன்ஸ்’ என்றேன், ‘இன்சைட் வாய்ஸ்’ என்றேன், திடலில் கற்றதையெல்லாம் வாரி இறைத்தேன். யார் காதிலும் விழவில்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், வகுப்பிலேயே பொடிசு, பெஞ்ச் மேல் ஏறி, அங்கிருந்து மேசை மேல் ஏறி, பக்கத்தில் இருந்த பையனின் கையை மிதித்துக்கொண்டு கொய்யாவை எட்டினாள். பையன் அலறினான். என் நிதானம் பறந்தது. யோசிக்கவே இல்லை. சறுக்குமரத்தடியில் இருக்கிற மாதிரிதான் வாய் பேசியது.

“கெட் டவுன், பேபி. வி டோன்ட் ஸ்டெப் ஆன் அவர் ஃப்ரெண்ட்ஸ். ஸீ, தட் ஆன்ட்டி இஸ் வாட்சிங். தட் ஆன்ட்டி வில் ஸ்கோல்ட். மம்மா இஸ் கவுன்டிங். ஒன்...”

என் கை நீண்டிருந்தது. விரல் கடைசி பெஞ்சைக் காட்டியது. வகுப்பில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியது.

கோஆர்டினேட்டர் மேடம் முறைத்தார்.

சும்மா முறைக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே கண்ணை உருட்டி, உதட்டைக் குவித்து, பேனா பிடித்த கையில் ஒற்றை விரலைத் தூக்கி ஆட்டி, அப்படி ஒரு முறைப்பு. எங்கள் அபார்ட்மென்ட் அங்கிள்கள் எல்லோரும் அவரிடம் டியூஷன் படிக்க வேண்டும். மேசை மேல் இருந்த பொடிசு இறங்கினாள். முதல் பெஞ்ச் உட்கார்ந்தது. இரண்டாம் பெஞ்ச் உட்கார்ந்தது. ‘டூ’ சொல்லத் தேவையே வரவில்லை.

அப்புறம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்று உறைத்தது. மேடம் தூக்கிய விரலைத் தானே ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாக இறக்கினார். குனிந்து தாளில் ஏதோ எழுதினார். என் காது இரண்டும் அடுப்பாய் எரிந்தது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழத்தையாவது பங்கு போட்டுத் தின்னட்டும் என்று மிச்சப் பீரியடில் பழத்தை நறுக்கிக் கொடுத்தேன். ‘ப்ளீஸ்’ சொன்னவர்களுக்கு ஒரு துண்டு, ‘தேங்க் யூ’ சொன்னவர்களுக்கு இன்னொரு துண்டு. பசங்கள் குஷியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் அது வழியனுப்பு விருந்தாகத் தெரிந்தது. மணி அடித்ததும் மேடம் எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்குள் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். உட்காரச் சொன்னார். உட்கார முடியாமல் நின்றேன். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, தமிழில் கேட்டார்.

“எத்தன பிள்ளைங்கம்மா உனக்கு?”

“கல்யாணமே ஆகல மேடம்.”

“அப்ப அந்த மம்மா யாரு?”

எனக்கு அழுகை முட்டியது. மறைக்க இனி என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ‘தள்ளி உட்கார்’ தெரியாமல் காற்றைத் தள்ளியது, மழையில் வெயிலை விசாரித்தது, சிமென்ட் பெஞ்ச், ஊஞ்சல் அம்மா, வாட்ஸ்அப் குரூப், செக்யூரிட்டி கவனிக்கவும். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். சொல்லச் சொல்ல மேடத்தின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அவருக்குக் கோபத்தில் நடுக்கம் வருகிறது என்று நினைத்தேன். செக்யூரிட்டி கட்டம் வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. கதவு சாத்திய அறைக்குள் நானும் அவரும், யார் எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஒருத்தர் நிறுத்தினால் இன்னொருத்தர் ஆரம்பித்தோம்.

“எங்க ஏரியாவுல என்னைத்தாம்மா காட்டுவாங்க,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சர்ச்சுல, பேக்கரியில, எங்க போனாலும். ‘அந்த ஆன்ட்டி திட்டுவாங்க.’ எத்தன வருஷமா. நான் என்ன பண்றது, மூஞ்சி தானா செய்யுது.”

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய மேடமாக ஆனார். பீரியட் முழுக்க நான் ஒரு வார்த்தைகூடத் தமிழ் பேசவில்லை என்பதை நான் கவனித்தேனா என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். நிஜமாகவே இல்லை, அதை நினைக்க நேரம் எங்கே இருந்தது? அவர் வகுப்பில் எழுதிய தாளை மேசையில் போட்டார். மூன்று மாதம் முடிந்தது, இனிமேல் வேலை எனக்குத்தான் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

“மம்மாவ விட்டுடு. ஆன்ட்டி இருக்கட்டும். ரொம்ப ஆட்டம் போட்டாங்கன்னா கூப்பிடு, வந்து மொறச்சிட்டுப் போறேன்.”

வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். உடம்பில் கனமே இல்லாத மாதிரி, அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கண்ணுக்கு அது தெரியவில்லை, அது பாட்டுக்குக் கொட்டியது. பின்னாலேயே மேடமும் அறையை விட்டு வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்து என் வகுப்பு, சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவ, குழாயடியை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் வரிசை நின்றது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்தார்கள்.

மேசை மேல் ஏறிய பொடிசு வரிசையை விட்டு வெளியே வந்தாள். கன்னத்தில் இன்னும் மாதுளைச் சாறு ஒட்டியிருந்தது. நேரே மேடத்தின் முன்னால் போய் நின்று, தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. மூன்று மாதமாக ‘யெஸ் மிஸ்’ஸுக்கு மேல் அவள் தானாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

“ஆன்ட்டி,” என்றாள். “வி டோன்ட் ஸ்கோல்ட் அவர் மிஸ்.”

அந்த வாக்கியத்தை நான் சொல்லித் தரவில்லை. எந்த அம்மாவும் அதை எந்தத் திடலிலும் சொன்னதில்லை. அவளாகவே செய்தது, எனக்காகச் செய்தது. தூணோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மேடம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கஞ்சி போட்ட புடவை மடங்க, முழங்காலிட்டு அவள் உயரத்துக்கு இறங்கி, ‘சாரி’ என்றார்.

“குட் கேர்ள்,” என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.